‘எக்ஸ்’ என்னும் திரை

கலைப்பீட மாணவன் இரசாயனத்தில் தலையிடுவதா என முகஞ்சுளிப்போர் இருப்பர். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான வெளியை ஆராய்வது எமது தொழில். அவ்வெளி ஒரு விஞ்ஞானச் சூத்திரத்திலே தென்படுமாயின் வாளாவிருத்தல் எங்ஙனம்?

மான்செஸ்டரில் கெய்மும் நோவசெலோவும் காரீயத்திலிருந்து ஓரணுத் தடிப்புள்ள கிராபீனைப் பிரித்து 2004இல் அறிவித்த நாள்தொட்டு, இருபரிமாணக் கடத்திகளைப் பற்றி எழுதுவோர் அவற்றின் மென்மையையே பாடிவருகின்றனர். மெல்லியது என்பதன் பொருள் என்ன? உள்ளே மறைந்த அணுக்கள் அருகி, ஏறத்தாழ அனைத்தும் மேற்பரப்பாயின என்பதே. அப்பரப்பில் ஒட்டியிருப்பது எது என்பதைச் சில்லறை விவகாரமாகக் கருதுவோர் பொருளையே கருதாதவராவர்.

பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தார் 2011இல் அறிவித்த மக்சீனை நோக்குக. தைத்தானியம், அலுமினியம், காபன் ஆகியன அடுக்கடுக்காக அமைந்த திண்மத்தை ஐதரோபுளோரிக் அமிலத்திலிட்டு அலுமினியத்தைக் கரைத்தகற்றினர். எஞ்சும் படலம் வெறுமையாக நிற்பதில்லை. புளோரினும் ஒட்சிசனும் ஐதரொட்சிலும், செய்முறைக்கேற்ற விகிதத்தில், அதன்மீது குடியேறுகின்றன. இக்கலவையைச் சூத்திரத்தில் ‘ரி’ என்ற எழுத்தாலும், அதன் அளவை ‘எக்ஸ்’ என்ற எழுத்தாலும் மூடிவிட்டு மேலே செல்வது வழக்கமாயிற்று. இரு ஆய்வுகூடங்கள் ஒரே பெயரில் இருவேறு பொருள்களை அளந்துவிட்டு, மின்கடத்துதிறன் ஏன் வேறுபட்டது என வியப்பதுதான் வியப்பு!

“செய்தபின் திருத்தலாம்” என்பர் சிலர். 2020இல் சிக்காகோவின் தலாப்பின் குழுவினர் உருகிய உப்பினுள் மேற்பரப்புக் கூட்டங்களை மாற்றிக் காட்டினர். நயோபியம் காபைட்டின் மீகடத்துதிறன் அக்கூட்டங்களைப் பொறுத்தமைந்தது. உண்மையே. ஆயின் அங்கு இடம்விட்டவை குளோரீனும் புரோமினும். தைத்தானியத்தை இறுகப் பற்றிய புளோரினும் ஒட்சிசனும் அவ்வளவு எளிதில் விலகுவனவல்ல. தொகுப்பின்போது தவறவிட்ட கட்டுப்பாட்டைப் பின்னர் தேடுவது, அச்சேறிய நூலுக்குப் பிழைதிருத்தம் பார்ப்பதை ஒக்கும்.

இதில் உயிர்ப்பிரச்சினையும் உண்டு. ஐதரோபுளோரிக் அமிலம் தோலூடு புகுந்து உடலின் கல்சியத்தைப் பிணைத்துக் கொல்லவல்லது. ஆய்வுகூடத்தில் அதனை ஏந்தி நிற்போருள் எம் வயதினர் பலர். 2023இல் அதே குழுவினர் தைத்தானியம், காரீயம், தைத்தானியம் நாற்குளோரைட்டு ஆகியவற்றை 950 பாகை செல்சியசில் தாக்கமுறச் செய்து, அவ்வமிலமின்றியே குளோரீன் போர்த்த படலத்தை நேரடியாகப் பெற்றனர். அவ்வெப்பத்துக்கும் செலவுண்டு, எல்லாப் பயன்பாட்டுக்கும் அது பொருந்துமென யான் வாதிடவில்லை. மேற்பரப்பின் அமைப்பைக் கூறாது கடத்துதிறன் எண்ணை மட்டும் வெளியிடும் கட்டுரையை ஏற்கலாகாது என்பதே என் வாதம்.

போகலவிலும் கஹட்டகஹவிலும் காரீயம் உண்டெனப் பெருமை பேசும் எமது சொற்பொழிவாளர் தொன்னுக்கு என்ன விலை என்கின்றனர். படலத்தின் முகத்தில் எது ஒட்டுமென அவர் வினவ யான் கேட்டதில்லை.