இருநூற்றோராவது யூனிட்டின் விலை

கடந்த ஜனவரியில் எங்கள் அல்வால் கிளைக்குப் பெரியவர் ஒருவர் வந்தார். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வூதியக் கணக்கைச் சரிபார்த்தபின், பையிலிருந்து இரண்டு மின்கட்டணப் பட்டியல்களை எடுத்து என் மேசைமீது வைத்தார். ஒரு மாதம் 198 யூனிட். அடுத்த மாதம் 203. "ஐந்தே யூனிட்தான் சார் கூடியிருக்கிறது. கட்டணம் இருநூறு ரூபாய்க்குமேல் ஏறிவிட்டதே! மீட்டரில் கோளாறா?" என்று கேட்டார்.

மீட்டரில் கோளாறு இல்லை. தெலங்கானாவில் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண விகிதத்தின் அமைப்பே அத்தகையது. மாதப் பயன்பாடு 100 யூனிட்டுக்கு மேல் 200 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 யூனிட்டுக்கு 3.40 ரூபாயும் அடுத்த 100 யூனிட்டுக்கு 4.80 ரூபாயும் வீதம், 200 யூனிட்டுக்கு 820 ரூபாய் ஆகும். அந்த எல்லையை ஒரு யூனிட் தாண்டினாலும் வீடு வேறு பிரிவுக்கு மாறிவிடுகிறது. முதல் 200 யூனிட் முழுவதற்கும் 5.10 ரூபாய், அதற்கு மேல் 300 யூனிட் வரை 7.70 ரூபாய். ஆகவே 201 யூனிட்டுக்கு 1,027 ரூபாய் 70 காசு. நிலைக்கட்டணம் முதலியவற்றை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அந்த ஒரு யூனிட்டின் விலை 207 ரூபாய் 70 காசு! 2024 மார்ச் முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் பெறும் குடும்பங்களுக்கோ இழப்பு இன்னும் பெரிது. எல்லையைத் தாண்டிய மாதத்தில் அவர்கள் முழுத் தொகையையும் செலுத்த நேரிடும்.

கட்டணம் ஏறியதைக் கண்டு பெரியவர் சிக்கனத்தில் இறங்கியிருக்கிறார். மாலையில் கூடத்து விளக்கை அணைத்துவிடுவாராம். இருட்டில் நடந்த அவர் மனைவி வாசற்படியில் இடறி விழப் பார்த்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு மனம் வருந்தியது. 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்தில் ஒன்றரை யூனிட்கூட ஆகாது. 2,000 வாட் கீசரோ அரைமணி நேரத்தில் ஒரு யூனிட்டை விழுங்கிவிடும். அது நாளொன்றுக்குப் பத்து நிமிடம் குறைவாக ஓடினாலே மாதத்தில் 10 யூனிட் மிச்சமாகும். ஒருவர்பின் ஒருவராக உடனுக்குடன் குளித்தாலே போதும். நம் வீடுகளில் சிக்கனம் பெரும்பாலும் தவறான இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. கண்ணுக்குத் தெரியும் விளக்கைக் கடிந்துகொள்கிறோம். நீரைச் சூடாக்குவதையும் அறையைக் குளிர்விப்பதையும் கவனிப்பதில்லை. குளிர்சாதனத்தில் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணிப்பு.

வைப்புநிதித் திட்டங்களை எடுத்துரைப்பது என் தொழில். ஆயினும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. மின்விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளில் 12 மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு 16 யூனிட் மிச்சம். கோடையில் 210 யூனிட் செலவாகும் வீட்டில் அது 194 ஆகக் குறைந்தால், கட்டணம் 1,097 ரூபாயிலிருந்து 791 ரூபாயாக இறங்கும். எல்லைக்கு அருகில் இருக்கும் வீட்டில், சுமார் 3,000 ரூபாய் விலையுள்ள மின்விசிறி அத்தகைய பத்து மாதங்களில் தன் விலையை மீட்டுத் தந்துவிடும். எந்த வைப்புநிதியும் அவ்வளவு ஈட்டித் தராது. வாடகை வீட்டில் இருப்போரும் தயங்க வேண்டியதில்லை. வீடு மாறும்போது கழற்றி எடுத்துச் செல்லலாம்.

கூரையில் சூரியத் தகடு அமைக்க 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. வங்கிகளும் கடன் தருகின்றன. மாதந்தோறும் 300, 400 யூனிட் செலவிடும் சொந்த வீட்டாருக்கு அது நல்ல வழி. 200 யூனிட்டை ஒட்டி இருப்போர் கடனுக்கு அவசரப்பட வேண்டாம்; முதலில் மின்விசிறியையும் கீசரையும் கவனித்தால் போதும்.

பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவே: "ஐயா, மீட்டர் பார்த்துச் சென்ற இருபதாம் நாள் நீங்களே ஒருமுறை அளவைப் பாருங்கள். 133 யூனிட்டைத் தாண்டியிருந்தால் மீதி நாள்களில் கீசரைக் குறையுங்கள். கூடத்து விளக்கு எரியட்டும்." வங்கிக் கணக்கில் பத்து ரூபாய் குறைந்தாலும் கேட்க வருகிறோம். மின்கட்டணப் பட்டியலையும் அதே கண்ணோடு பார்க்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.