கள்ளக் கான்

பசறையிலும் அப்புத்தளையிலும் தேயிலை மலைகளைக் கண்டோர் கான்வெட்டின் அருமையை அறிவர். சரிவுக்கிசைய வெட்டிய கான் மழைநீரை அடக்கிச் செல்லும். கண்டபடி வெட்டிய கானோ மண்ணையும் வாரிக்கொண்டு போகும். நம் உடலினுள்ளும் இத்தகைய வேலை நடைபெறுகிறது.

உடற்கலங்களைத் தாங்கி நிற்பது கொலாஜன் முதலிய புரதங்களாலான நார்ப்பின்னல். காயம் ஆறுகையில் புதிய இரத்தக் குழாய் செல்வதற்கு அப்பின்னலைச் சிறிது கரைத்து வழியமைப்பன சில நொதியங்கள். 1962ஆம் ஆண்டில் ஜெரோம் குரொஸ், சார்ல்ஸ் லாப்பியேர் என்னும் அறிஞர் இருவர், தலைப்பிரட்டையின் வால் மறையும் விதத்தை ஆராய்ந்து இவற்றுள் ஒன்றைக் கண்டனர்.

புற்றுக்கட்டியும் இந்நொதியங்களைத் தனக்கு ஏவலாக்கிக் கொள்கிறது. சில மில்லிமீற்றருக்கு மேல் வளர அதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் வேண்டும் என 1971இல் ஜூடா போக்மன் எடுத்துரைத்தார். நொதியங்கள் நாரைக் கரைப்பதோடு, அதனிடையே அடைபட்டிருக்கும் வளர்ச்சித் தூண்டிகளையும் விடுவிக்கின்றன. அவசரத்தில் எழும் அக்குழாய்கள் போதிய தாங்குகலங்களின்றிக் கோணிக் கசியும். அவற்றின் வழியே புற்றுக்கலங்கள் பிற உறுப்புகளுக்கும் பரவும்.

அவ்வாறாயின் நொதியங்களைத் தடுத்துவிடலாமே? 1990களில் மரிமாஸ்டாட் முதலிய மருந்துகளால் முயன்றனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. அந்நொதியங்களுட் சில, குழாய் வளர்ச்சியை அடக்கும் புரதத் துண்டுகளையும் உண்டாக்குகின்றன. ஆதலின் எல்லாவற்றையும் ஒருங்கே அடைப்பது நன்மையையும் அடைப்பதாகும்.

நம் தோட்டங்களுக்கு நெருக்கமானது வாய்ப்புற்று. பாக்கிலுள்ள அரிகோலின், கன்னத்தின் உட்புறத்தில் கொலாஜனைப் பெருக்கி, அதைக் கரைக்கும் ஆற்றலைக் குறைக்கிறது; வாய் இறுகுகிறது. பின் அங்கே புற்று தோன்றுமாயின், நொதியங்கள் பெருகி நாரை அழிக்கின்றன. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றை விளைக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதி செய்தது.

வாயில் வெள்ளை அல்லது சிவப்புப் படலம், இரண்டு வாரங்களில் ஆறாத புண், வாயைத் திறக்கத் தடை இவற்றுள் ஒன்று கண்டாலும், நோவில்லையென்று வாளாவிருத்தல் ஆகாது. ஒரு நாட்பேர் போய்விடுமே எனத் தள்ளிப்போடுவோர் உளர். கள்ளக் கான் அதுவரை காத்திராது. பதுளை அரசாங்க வைத்தியசாலையில் கட்டணமின்றிக் காட்டலாம். லயத்துப் பிள்ளைகளே, இன்று மாலை அப்பாயியின் வாயை விளக்கொளியில் ஒருமுறை பாருங்கள்.