சூரிய மின்சாரத்தைச் சேமிப்பதில் கவனிக்கப்படாத இழப்பு

2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைகளில் சூரியப் படலங்களைப் பொருத்தியிருந்தோரிடம் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன்பட்டுப் படலம் பொருத்தியோருக்கு அது கசப்பான வேண்டுகோளே. ஆயினும், அவ்வாண்டு பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதன் பின்னர், தேவை குறைந்த நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுந்திருப்பது வலையமைப்பின் உறுதியைக் குலைக்கும் என்ற அச்சத்தை அடியோடு புறந்தள்ளவும் முடியாது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வவுணதீவிலும் சூரிய மின்நிலையம் உண்டு. நண்பகலில் உற்பத்தி உச்சம். விளக்கேற்றும் வேளையில் பூச்சியம். ஆகவே பற்றரிகளில் சேமிப்பதே வழியென்று இப்போது பலரும் கூறுகின்றனர். சரியே. ஆனால் விவாதமோ எத்தனை மெகாவாட், அலகொன்றுக்கு என்ன விலை என்பதிலேயே சுழல்கிறது. இடையிலுள்ள மாற்றுக் கருவியைப் பற்றிப் பேசுவார் இல்லை.

படலமும் பற்றரியும் தருவது நேரோட்டம். அதன் வோல்ற்றளவு நிலையானதன்று. அதனை உயர்த்தி நிலைப்படுத்தும் பணியைப் பல அமைப்புகளில் 'பூஸ்ட் கன்வேர்ட்டர்' செய்கிறது. அதன் பின்னரே ஆடலோட்டமாக மாற்றப்படுகிறது. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை ஓர் ஆளி மூடித் திறக்க, தூண்டிச் சுருளில் சேர்ந்த சக்தி உயர்ந்த வோல்ற்றளவில் வெளியேறுகிறது. வலு பெரிதானால் ஒரே சுருளில் அத்தனையையும் சுமத்துவது உசிதமன்று. எனவே பணியைப் பல கிளைகளுக்குப் பகிர்ந்து, ஓர் உரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடுவதைப் போல இயக்குகின்றனர். ஒரு கிளையின் ஏற்றத்தை மற்றதன் இறக்கம் ஈடுசெய்வதால் ஓட்டத்தின் அலைவு தணிகிறது.

எனினும் ஆளி மாறும் கணத்தில் வோல்ற்றளவும் ஓட்டமும் ஒருசேர இருப்பதால் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு சக்தி வெப்பமாகிறது. இரண்டில் ஒன்று பூச்சியத்தை எட்டும் கணம் பார்த்து ஆளியை மாற்றுவதே மென்மையான ஆளியியக்கம். இதற்கு மேலதிக சுருளும் கொள்ளளவியும் தேவை; விலையும் பழுதாகும் வாய்ப்பும் கூடும். சிலிக்கன் காபைட் ஆளிகள் வந்தபின் இந்தச் சிக்கலே வேண்டாம் என்போரும் உளர். சிறிய கருவிகளுக்கு அவ்வாதம் பொருந்தும்.

பற்றரி நிலையத்தின் கணக்கு வேறு. அதே மின்சாரம் பகலில் உள்ளே போகிறது, மாலையில் வெளியே வருகிறது; ஆகவே இழப்பும் இரு தடவை. 10 மெகாவாட் நிலையமொன்றில் ஒரு தடவைக்கு நூற்றுக்கு ஒன்று வீணானாலும் 100 கிலோவாட் வெப்பமாகும். அதனை அகற்ற மின்விசிறிகள் வேண்டும். அவை வாவிக்கரையின் ஈரக்காற்றைக் கருவிக்குள் இழுக்கும். கொள்ளளவியின் வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளரின் கைக்கணக்கு.

குறைந்த விலைகோரலை மட்டுமே பார்த்துக் கருவிகளைத் தெரிவுசெய்தால் இந்த இழப்பு மின்கட்டணமாகப் பாவனையாளரின் தலையிலேயே விழும். விலைமனுக் கோரலில், குளிர்ந்த ஆய்வுகூடத்தில் பெற்ற உச்ச வினைத்திறனை ஏற்காது, கிழக்கின் கோடை வெப்பத்தில், அரைச்சுமையிலும் முழுச்சுமையிலும் அளந்த பெறுமானத்தைக் கேட்க வேண்டும். அளப்பதற்கு வெளிநாட்டு நிபுணரை அழைக்க வேண்டியதுமில்லை. ஒலுவிலிலும் கிளிநொச்சியிலும் பொறியியல் பீடங்கள் உள்ளன.