பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் உள்ள வள்ளியம்மை, நாகப்பன் கல்லறைகள் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
ஊர்மக்கள் சங்கம், தில்லையாடி,
மயிலாடுதுறை மாவட்டம்.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம், சென்னை.

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மயிலாடுதுறை.

பொருள்: ஜோகன்னஸ்பர்க் இடுகாட்டுப் பதிவேட்டு நகல்களும் கல்லறைப் படங்களும் பெற்றுத் தரவும், அங்கே தமிழில் விவரப்பலகை அமைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் ஊரில் தியாகி வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. 1915இல் காந்தியடிகள் வந்து நின்ற மண் இது. ஆனால் அந்தப் பெண்ணின் உடல் உறங்குவது கடலுக்கு அப்பால், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் உள்ள பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில். இந்து முறைத் திருமணங்கள் செல்லாது என்றாக்கிய 1913ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகள் மீதான 3 பவுன் வரியையும் எதிர்த்துச் சிறை சென்றார். காய்ச்சலோடு வெளியே வந்தார். 1914 பிப்ரவரி 22 அன்று, தம் 16ஆம் பிறந்தநாளிலேயே இறந்தார்.

அதே இடுகாட்டில் சத்தியாகிரகி நாகப்பன் படையாச்சியும் இருக்கிறார். 18 வயது. 1909 ஜூன் மாதம், அந்நாட்டின் கடுங்குளிரில், கடுங்காவல் தண்டனை. விடுதலையாகி ஒரு வாரத்துக்குள், ஜூலை 6 அன்று நிமோனியாவால் உயிர் பிரிந்தது. தென்னாப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறுவதற்கு மூன்று நாள் முன்பு, 1914 ஜூலை 15 அன்று, இருவருக்குமான நினைவுக்கற்களைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். 1997இல் தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டத் தலைவர் வால்டர் சிசுலு அக்கல்லறைகளுக்கு மீண்டும் மரியாதை செய்தார்.

தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணுக்கு மூலமான பாடலை இயற்றிய எனாக் சொன்டொங்காவும் அங்கேதான் அடக்கமானார். குடும்பப் பெயரைக் கொண்டு தேடியவரை அவர் கல்லறை கிடைக்கவில்லை; பதிவேட்டில் அவர் ‘எனாக்’ என்றே எழுதப்பட்டிருந்தார். 1996இல் அந்தக் கல்லறை தேசிய நினைவுச் சின்னமானது. தமிழ்ப் பெயர்களை அந்நாளைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எப்படியெல்லாம் எழுதி வைத்தார்களோ! ஆகவேதான் பதிவேட்டு நகல்களை முதலில் கேட்கிறோம். இவ்விருவரின் பக்கங்கள் மட்டும் போதாது. அங்கே அடக்கமான தமிழர் அனைவரின் பக்கங்களும் வேண்டும்.

இந்தியத் துணைத் தூதரகம் வழியாக ஜோகன்னஸ்பர்க் மாநகராட்சியிடம் அவற்றைப் பெற்று, கல்லறைப் படங்களோடு எங்கள் மண்டபத்தில் வைத்திட வேண்டுகிறோம். அதில் நாகப்பனுக்கும் சமமான இடம் வேண்டும். இடுகாட்டில் இருவர் வரலாற்றையும் தமிழில் சொல்லும் பலகை ஒன்று அமைய அனுமதி பெற்றுத் தர வேண்டும். பிப்ரவரி 22, ஜூலை 6 ஆகிய இரு நாட்களிலும் தமிழ்நாடு அரசின் சார்பில், அங்குள்ள தமிழர் கையால், ஒரு மாலையேனும் சாத்தப்பட வேண்டும்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்