வரியலுவலக வாயிலில் தயக்கம் ஏன்?

வரி செலுத்துவது குடிமக்களின் கடன். அவ்வரியைப் பற்றி வாய்திறந்து வினவுவது அவர்தம் உரிமை. கடனைத் தவறாது ஆற்றும் தமிழ் வணிகர், உரிமையை மட்டும் இடையாளர் கையில் ஒப்புவித்துவிட்டு அஞ்சி ஒதுங்கி நிற்கின்றனர்.

2017 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது சரக்கு பணி வரி. மக்கள் வாயில் மூன்று ஆங்கில எழுத்துகளாய் வழங்குவது இதுவே. விற்பனை நிகழினும் நிகழாவிடினும், பதிவு பெற்றவர் குறித்த நாளுக்குள் கணக்கறிக்கை விடுத்தாதல் வேண்டும். பிந்தினால் நாளொன்றுக்கு 50 உருபா; விற்பனையில்லா அறிக்கைக்கு 20 உருபா. 2021 சூன் முதல், ஓர் அறிக்கைக்கான உச்ச வரம்பு, விற்பனையில்லாதார்க்கு 500 உருபா எனவும், ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்கு மேற்படாதார்க்கு 2,000 உருபா எனவும் வரையறுக்கப்பட்டது.

சிறு தொகைதானே எனத் தோன்றும். நோயுற்றோ நொடித்தோ கடையைச் சாத்திய ஒருவர், திங்கள்தோறும் விடுக்க வேண்டிய அறிக்கையை ஆறு திங்கள் விடுக்காதிருந்தால், ஒரு காசுக்கும் விற்காமலேயே 3,000 உருபா கடன்பட்டவராகின்றார்! அம்மட்டோ? பதிவையே நீக்குவதற்கும் அலுவலர்க்கு அப்பொழுது உரிமை பிறக்கின்றது. அதற்கான அறிவிக்கையோ இணையத்தளத்தின் ஒரு மூலையில் ஆங்கிலத்தில் வந்து கிடக்கின்றது. விடையிறுக்க வாய்ப்பு ஏழு வேலைநாள்களே. நிலுவை அறிக்கைகளை வரி, வட்டி, காலத்தாழ்வுக் கட்டணத்துடன் அதற்குள் விடுத்துவிட்டால், அலுவலர் அந்நடவடிக்கையைக் கைவிட்டேயாக வேண்டும் என்பது விதி. இதனை அறிந்த வணிகர் எத்தனை பேர்?

கணக்கர் தொழிலைப் பழிப்பது இங்குக் கருத்தன்று. நேர்மையாய் உழைக்கும் கணக்கர் பலர். ஆயினும், "அலுவலகத்திற்கு நீங்கள் போகவேண்டா, பேசிக் குறைத்துத் தருகிறேன்" என்று கைநீட்டும் இடையாளரும் உளர். காலத்தாழ்வுக் கட்டணத்தைத் தள்ளிவிடும் உரிமை வட்ட அலுவலர்க்கு இல்லை. வரி மன்றத்தின் பரிந்துரையின்மேல் அரசுதான் தள்ள இயலும். இல்லாத சலுகைக்கு விலைபேசுவது ஏமாற்றன்றி வேறென்ன? தண்டத்தொகையோ வேறு. உரியவர் தரப்பைக் கேளாமல் தண்டம் விதித்தலாகாது என்பது அச்சட்டத்தின் 126ஆம் பிரிவு. கட்டணம் வேறு, தண்டம் வேறு என்னும் தெளிவு இருந்தால் பாதி அச்சம் அகலும்.

மொழியறியாமையைத் தடையெனக் கூறுவர். அது தடையன்று. 2017 சனவரியில் செய்யப்பட்ட பகுப்பின்படி, ஒன்றரைக் கோடிக்குட்பட்ட வணிகருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுமர் மாநில வணிகவரித் துறையின் பொறுப்பில் வருவர். அத்துறை தமிழ்நாட்டரசின் துறை. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி அதன் மொழி தமிழ். எஞ்சியோர் நடுவணரசின் அலுவலகத்திற்குச் செல்லினும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எவ்வலுவலர்க்கும் குறைகூறி முறையிடலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350ஆம் பிரிவு. இறை, ஆயம், கடமை, உல்கு என வரிக்கு வகைவகையாய்ப் பெயரிட்டுக் கல்லில் வெட்டி வைத்த மொழிக்கு, ஒரு வேண்டுகோள் மடல் எழுத வலுவில்லையா?

முறையிட்டோர் வெறுங்கையராய்த் திரும்பவில்லை என்பதற்குச் சான்றும் உண்டு. பதிவு நீக்கப்பட்ட சிறு வணிகர் பலர் வழக்குத் தொடுத்தபோது, 2022 சனவரி 31இல் சென்னை உயர்முறைமன்றம் அவர்கட்கு வழி திறந்தது. நிலுவை அறிக்கைகளை 45 நாள்களுக்குள் விடுத்து, வரியும் வட்டியும் கட்டணமும் செலுத்தினால் பதிவை மீட்டளிக்குமாறு தீர்ப்பளித்தது. வணிகரை வணிகத்தினின்று துரத்துவதால் அரசுக்கும் ஊதியமில்லை என்பதே அதன் உட்கருத்து.

எனவே, வணிகர் செய்யத்தக்கது இது: கடையை மூடினால் பதிவையும் முறைப்படி நீக்கிக்கொள்க. கணக்கறிக்கைக்கான கடவுச்சொல்லைத் தம் கையிலேயே வைத்துக்கொள்க. அறிவிக்கை வந்தால் நேரிற் செல்க, தமிழில் எழுதுக, கொடுத்த மடலுக்கு ஒப்புகை பெறுக. அரசு செய்யத்தக்கது அதனினும் எளிது: அறிவிக்கையைத் தமிழில் விடுக்க! புரியாத மொழியில் எச்சரித்துவிட்டுப் புரியவில்லை என்பதற்காகப் பொருள் கவர்வது முறையாகாது.