மச்சானுக்கு மச்சான் என்ன முறை?



கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் பெரியவர் ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தார். "உங்க அத்தை மகனுக்கு நான் மச்சான்" என்றார் இலைக்காரர். "அப்படின்னா நீ எனக்குத் தம்பி முறைல்ல!" என்று பெரியவர் உடனே கையைப் பிடித்துக்கொண்டார்.

இதை வெகுநாள் வெறும் ஞாபகசக்தி என்றே நினைத்திருந்தேன். பதினோராம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் 'தொடர்புகள்' பாடத்தைப் படித்தபோதுதான் விளங்கியது. தற்சுட்டு, சமச்சீர், கடப்பு என்று பிள்ளைகள் நெட்டுருப் போடுகிறார்களே, அந்தக் கணக்கைத்தான் அந்தப் பெரியவர் இலையில் சோறு ஆறுவதற்குள் போட்டு முடித்திருந்தார்.

நான் உங்களுக்குப் பங்காளி என்றால் நீங்களும் எனக்குப் பங்காளி. இது சமச்சீர். உங்கள் பங்காளி எனக்கும் பங்காளி. இது கடப்பு. எனக்கு நானே பங்காளியா? சொத்தைப் பிரிக்கும்போது எனக்கும் ஒரு பங்கு உண்டே! அது தற்சுட்டு. மூன்றும் பொருந்தினால் அது சமானத் தொடர்பு. சமானத் தொடர்பு எந்தக் கூட்டத்தையும் ஒன்றோடொன்று கலவாத வகுப்புகளாகப் பிரித்துவிடும் என்கிறது கணிதம். ஊருக்குள் பங்காளிகள் தனித்தனி வகையறாக்களாக நிற்பது அப்படித்தான்.

மச்சான் உறவு வேறு மாதிரி. மச்சான், மாப்பிள்ளை என்று அழைப்பு மாறினாலும் முறை இரு பக்கமும் ஒன்றுதான். ஆனால் கடப்பு இல்லை. என் மனைவியின் அண்ணன் எனக்கு மச்சான். அவருடைய இன்னொரு தங்கையின் கணவரும் அவருக்கு மச்சான். அந்தக் கணவர் எனக்கு யார்? சகலை. சகலைகள் அண்ணன் தம்பி முறை; எங்கள் பிள்ளைகளும் உடன்பிறப்புகள் முறை. மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் வருகிறதல்லவா, அதே கணக்கு! மதுரைப் பக்கம் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், மாமன் மச்சான் என்பவை கொண்டுகொடுத்தலைக் குறிக்கும் சொற்கள் என்று 1953இலேயே எழுதினார். வியப்பு என்னவென்றால், மச்சானுக்கு மச்சான் அண்ணன் தம்பி என்ற இந்த விதியை நம் வீட்டில் யாரும் யாருக்கும் பாடமாக நடத்தியதில்லை; முறை சொல்லி அழைத்து அழைத்தே பழகினோம்.

எல்லோரையும் 'அங்கிள்' என்று அழைக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போகிறது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

கணித ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தப் பாடத்தை எண் சோடிகளில் தொடங்காமல், பிள்ளைகளின் வீட்டு உறவுகளில் தொடங்கிப் பாருங்கள். வாசகர்களே, உங்கள் பக்கத்தில் வழங்கும் முறைப் பெயர்களை, யார் யாரை அப்படி அழைப்பார்கள் என்ற விவரத்தோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்