மீட்டர் கம்ப்ளைன்ட்டாம்... மண்ணாங்கட்டி!

பழைய வேன் வச்சிருக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க: "மீட்டர்தான் கம்ப்ளைன்ட்டுண்ணே, கண்டுக்காம ஓட்டுங்க." இதை நம்பினதுக்கு எங்க வீட்ல அழுத தண்டம் 38,000 ரூபாய். அந்தக் கடுப்புலதான் எழுதறேன். பி.காம் படிக்கிறவனுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்கிறவங்க தாராளமா சிரிச்சுக்கலாம்.

அப்பா ஸ்கூல் வேன் ஓட்டறார். ரெண்டு மாசமா டெம்பரேச்சர் முள் அப்பப்ப 'ஹெச்' பக்கம் போய்ட்டு வந்துச்சு. மெக்கானிக் மேலே சொன்ன வசனத்தைச் சொல்லிட்டார். ஒரு ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்களோட ஏற்காடு கிளம்பினோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி ஏறினதும் ஹெச்சுல இருந்த முள் சடார்னு 'சி'க்கு விழுந்துச்சு. "பாத்தியாடா, மீட்டருக்குத்தான் பைத்தியம்"னு அப்பா சிரிச்சார். அடுத்த ரெண்டாவது வளைவுல வண்டி நின்னுடுச்சு. ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைஞ்சு போச்சு.

ரேடியேட்டர்ல தண்ணியே இல்ல! சென்சார் தண்ணியில முங்கி இருந்தாத்தான் சரியான சூட்டைக் காட்டும். தண்ணி இறங்கிட்டா, இஞ்சின் வெந்துட்டிருக்கும்போதே முள் 'கூல்'னு காட்டும். முள் பொய் சொன்னதுக்குக் காரணமே இஞ்சின் கோளாறுதான்.

எங்களுக்கு முதல் வருஷமே பேங்க் ரீகன்சிலியேஷன் சொல்லித் தர்றாங்க. பாஸ்புக்கும் கேஷ்புக்கும் ஒத்துப் போகலன்னா ஒண்ணைக் கிழிச்சுப் போடறதில்ல. எதுல தப்புன்னு தேடணும். இங்கயும் அதேதான்.

தேடறது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. முதல்ல, இஞ்சின் நல்லா ஆறின பிறகு (சூட்டுல மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும்) தண்ணி இருக்கான்னு பாருங்க. அப்புறம் பழைய ஒத்தை ஒயர் சென்சாரா இருந்தா, இஞ்சினை ஆஃப் பண்ணி சாவியை மட்டும் ஆன்ல வச்சு அந்த ஒயரைக் கழட்டுங்க. முள் சி-க்கு இறங்கணும். ஒயர் நுனியை ஒரே ஒரு செகண்ட் இஞ்சின் பாடியில தொடுங்க. முள் ஹெச்சுக்கு ஏறணும். ரெண்டும் நடந்தா மீட்டரும் ஒயரும் நல்லா இருக்கு. சந்தேகம் சென்சார் மேல, இல்லாட்டி நிஜமாவே இஞ்சின் மேல. பெட்ரோல், டீசல் முள்ளும் கூடவே ஆடுதா? அப்ப மீட்டருக்குக் கரண்ட் குடுக்கிற ஸ்டெபிலைசரையோ எர்த்தையோ பாருங்க. சென்சார் மரையில டெஃப்ளான் டேப்பைச் சுத்தி வச்சா அதுவே எர்த்தைக் கெடுக்கும்.

பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாம புது மீட்டரை மாட்டறதும், "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு"ன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியறதும் வைத்தியமே இல்ல. தெர்மோஸ்டாட் இல்லாத இஞ்சின் சூடேற நேரமாகும், டீசலும் கூடக் குடிக்கும். அந்தக் காசையும் நாமதான் கட்டறோம்.

மெக்கானிக்கை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? செலவில்லாத பதில்னு நாங்களும் சந்தோஷமா தலையாட்டினோமே! மறுநாள் காலையில அதே வேன்ல 14 குழந்தைங்க ஏறியிருப்பாங்க. அதை நினைச்சா 38,000 பெரிசாத் தெரியல.

அடுத்த தடவை "மீட்டர் கம்ப்ளைன்ட்"னு யாராவது சொன்னா, ஒரே கேள்வி கேளுங்க: "எதை வச்சுண்ணே சொல்றீங்க?"